மஞ்சள் போட்டுக் கழுவிய சுவெட்டர்

தம்பி, சனிக்கிழமை நீ வான் வண்டியில் சாமான் ஏற்றும்போது அம்மா ஒரு பெட்டி தருவார். அதற்குள் மிளகாய்த்தூளுக்கும் ஊறுகாய்ப் போத்தலுக்கும் நடுவில் இந்தக் கடதாசி இருக்கும். தூள் மணம் அடித்தால் பொறுத்துக்கொள். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நானும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆகவே சரிக்குச் சரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நானும் போய்க் கெஞ்சவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம், வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். செத்தவீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்பி வரும். அதனால் நான் உண்மையைச் சொன்னாலும் ஒருவரும் நம்புவதில்லை. போன மாதம் செவன் கிங்ஸிலிருந்து பெரியம்மா போன் எடுத்து, "தம்பி இப்ப என்ன செய்யிறான்?" என்று கேட்டார். "ஆடு மேய்க்கிறான்" என்றேன். "உங்களோட கதைக்கேலாது. எப்ப பாத்தாலும் பகிடி. போனை அவளிட்டக் குடுங்கோ" என்றார். அம்மா போனை வாங்கி, சுற்றுச்சூழல் என்று தொடங்கும் நீளமான ஏதோ ஒரு உத்தியோகத்தின் பெயரைச் சொன்னார். பெரியம்மா அதை உடனே நம்பிவிட்டார்.

நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தைப்பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு மேசையில் கேட்டாய். "அப்பா, ஸ்கொட்லாந்தில ஒரு வேலை கிடைச்சிருக்கு. இஞ்ச இருக்கிறதை விடப் பெரிய மந்தை. மலையில. நிரந்தர வேலை. ஆனா நீங்கள் ஓம் எண்டு சொன்னாத்தான் போவன். போகட்டோ?" அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் என்ன சொன்னேன்? "போறது சரி. தீபாவளிக்கு ஒரு தொடை அனுப்புவியோ?" நீ சிரித்தாய், ஆனால் அரைச் சிரிப்பு. பிறகு பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, சீரியசாக் கேக்கிறன்" என்றாய். "நானும் சீரியசாத்தான் சொல்லுறன், முன்னந்தொடை வேண்டாம், பின்னந்தொடை" என்றேன். அதன் பிறகும் எத்தனையோ தரம் கேட்டாய். ஒவ்வொரு தரமும் எனக்கு ஒரு பகிடி கிடைத்தது. இப்போது சனிக்கிழமை வந்துவிட்டது. வான் பிடித்தாயிற்று. நான் ஓம் சொல்லாமலே நீ வெளிக்கிடப் போகிறாய். அப்படி நீ போனால் அது எனக்கும் சரிவராது, உனக்கும் சரிவராது.

எனக்கு ஒரே குழப்பம், தம்பி. கோபமா என்று பார்த்தால் கோபம் இல்லை. பெருமையா என்று பார்த்தால் அதுவும் பிடிபடவில்லை. நீ வீட்டுப்பாடம் செய்யாமல் இருந்த காலத்தில் நான் உனக்குச் சொன்ன ஒரே புத்திமதி, "படிக்காட்டி ஆடு மேய்க்கத்தான் போவாய்" என்பது. நீ படித்தாய். கம்பியூட்டரில் பட்டம் எடுத்தாய், கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குப் போனாய், அம்மா ஊரெல்லாம் போன் எடுத்தார். பிறகு ஒருநாள் வந்து, வேலையை விட்டுவிட்டேன், ஆடு மேய்க்கப் போகிறேன் என்றாய். அதற்கும் பட்டம் கேட்கிறார்களாம். அப்படியென்றால் நான் சொன்ன புத்திமதியை எந்தப் பக்கத்தால் திருத்துவது? சரி, ஆடு எதற்கு, பாலுக்கா என்று கேட்டேன். இல்லை என்றாய். இறைச்சிக்கா? அது முக்கியம் இல்லை என்றாய். அப்ப எதற்கு? "பூவுக்கு, அப்பா" என்றாய். எங்கள் பக்கத்தில் ஆடு ஒரு வளவுக்குள் புகுந்தால் முதலில் சத்தம் போடுவது பூக்கன்று வைத்தவன்தான். இங்கே பூவைக் காப்பாற்ற ஆட்டைக் கூட்டி வருகிறார்கள். முரட்டுப் புல்லையும் பற்றையையும் ஆடு கடித்தால்தான் அடியில் கிடக்கும் சின்னச் சின்னப் பூவுக்கு வெளிச்சம் படும், பூ வந்தால் வண்ணத்துப்பூச்சி வரும் என்று நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய். விளங்கியது. அடுத்த நாள் காலையில் மறுபடி விளங்காமல் போய்விட்டது. இதில் மதியம் வந்து ஆட்டுக்கறி இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிடுகிறாய். மேய்க்கவும் செய்கிறாய், தின்னவும் செய்கிறாய். இதில் நான் எந்தப் பக்கம் நின்று யோசிப்பது?

இந்தக் குழப்பத்தோடுதான் நான் பின்னத் தொடங்கினேன். அந்தப் பழியும் உன்னைத்தான் சேரும். இருமல் விடவில்லை, சிகரெட்டை விடு என்று டொக்டர் சொன்னார். வாயைக் கட்டலாம், கையை எப்படிக் கட்டுவது? மிட்சம் ரவுணில் எங்கள் சாப்பாட்டுக் கடைக் குசினிக்குப் பின்கதவு இருக்கிறதே, அங்கே வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து பத்தவைத்துப் பழகிய கை. நீதான் ஒருநாள் ஒரு சோடி மூங்கில் ஊசியும், உன் செம்மறிகளின் மயிரில் திரித்த நூல் பந்துகளும் கொண்டுவந்து மேசையில் போட்டாய். "இது எங்கட மந்தையின்ர நூல் அப்பா. ஒருத்தரும் வாங்காமல் குப்பைக்குப் போற மயிர். நாங்கள் மில்லில குடுத்துத் திரிச்சனாங்கள்." வெள்ளையில் அங்கங்கே சாம்பல் பொட்டு. நடுவில் காய்ந்த புல் துண்டும் இருந்தது. எனக்குக் கண்ணி போட்டுப் பின்னக் காட்டித் தந்தது, உன்னோடு ஆடு பார்க்க வரும் ஜூன் என்ற மனிசி. நான் ஒரு கண்ணியைத் தவறவிட்டால் அந்த மனிசி, ஐயோ, ஓர் ஆடு வேலி பாய்ந்துவிட்டது என்று கூவும். பிடித்துக்கொண்டு வா என்று கொக்கி ஊசியைத் தரும். எனக்குப் பாதி இங்கிலீசு, அதற்குத் தமிழ் ஒன்றும் இல்லை, ஆனால் பகிடி விளங்கியது.

அதன் பிறகு பின்கதவில் சிகரெட் இல்லை, ஊசிதான். கொத்துரொட்டி போடும் ரூபன் கதவால் எட்டிப் பார்த்து, "அண்ணை, ஓடர் வந்தது ரெண்டு மட்டின் கொத்து. சுவெட்டர் ஒருத்தரும் கேக்கேல்லை" என்பான். "நீ உந்தத் தகரத்தை அடி, நான் என்ர கண்ணியை எண்ணுறன்" என்பேன். அவன் தகடு இரண்டையும் அடிக்க அடிக்க நான் அந்தத் தாளத்துக்கே பின்னினேன். ஓடர் கூடிய நாள்களில் கண்ணி இறுகியிருக்கும், ஆள் இல்லாத நாள்களில் தொளதொளவென்று இருக்கும். அந்தச் சுவெட்டரைப் பார்த்தே கடையின் வியாபாரத்தைச் சொல்லிவிடலாம். அது உனக்குத்தான் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மலையில் குளிரும் என்று எனக்குத் தெரியும். நான் போகச் சொல்லவில்லை, ஆனால் போகிறவனுக்கு உடுப்புப் பின்னிக்கொண்டிருந்தேன். இதைப் பார், இதுவும் குழப்பம்தான்.

பின்னி முடித்ததும் வீட்டில் சண்டை. நூலில் செம்மறியின் எண்ணெய்ப் பசை கொஞ்சம் மிச்சம் இருந்தது. மழையில் நனைந்துகொண்டு ட்ராமில் கொண்டுவந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போய்விட்டார். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இஞ்சாருங்கோ, உந்தச் செம்மறியை வெளியில விட்டுட்டு நீங்கள் மட்டும் உள்ள வாங்கோ" என்றார். நானும் யோசித்தேன். செம்மறி மணம் எடுக்க என்னை விடத் தெரிந்தவன் இந்த மிட்சம் ரவுணில் யார்? எத்தனை வருசமாக அந்த வேலையைத்தானே செய்கிறேன். பெரிய பேசினை எடுத்தேன். இரண்டு கரண்டி மஞ்சள், நாலு தேசிக்காய் பிழிந்த புளி, ஒரு பிடி உப்பு. கேத்திலில் கொதித்த தண்ணியை ஊற்றினேன். சட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் உரஞ்சினேன், பிசைந்தேன், பிழிந்தேன், மறுபடி கொதிதண்ணி, மறுபடி உரஞ்சல். இறைச்சியாக இருந்திருந்தால் அன்றைக்கு அதைப் போல ஒரு சுத்தமான இறைச்சி லண்டனில் இருந்திருக்காது. மணம் போனது. கூடவே சுவெட்டரும் போனது. ஹீட்டரில் காயப்போட்டு எடுத்துப் பார்த்தால், உன் நெஞ்சுக்குப் பின்னியது மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடக் காணாது. தடிப்பாக, விறைப்பாக, மேசையில் வைத்தால் தன் பாட்டில் நின்றது. நிறம் நல்ல சாம்பார் நிறம்.

மஞ்சள் என்றதும் உனக்கு ஒரு கதை ஞாபகம் வரும். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் இறைச்சி கழுவுவதைப் பக்கத்தில் கதிரை போட்டு ஏறி நின்று பார்ப்பாய். ஏன் மஞ்சள், ஏன் மஞ்சள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், கோயில் வேள்வியில் வெட்டப்போகும் ஆட்டுக்கு மஞ்சள் தண்ணி தெளிக்கும் கதையைச் சொன்னேன். தண்ணி பட்டதும் ஆடு தலையை ஆட்ட வேண்டும். ஆட்டினால் அது சம்மதம் என்று அர்த்தம். ஆட்டும்வரை வெட்ட மாட்டார்கள். நீ கதிரையில் நின்றபடியே, "குளிர்தண்ணி பட்டா ஆரெண்டாலும் தலையாட்டுவினம் அப்பா. அது ஓம் இல்லை, அது குளிர்" என்றாய். அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடையில் எல்லோருக்கும் சொன்னேன். பெரியவர்களே கேட்காத கேள்வி என்று அம்மா உன் தலையைத் தடவினார். அந்தக் கேள்வி திரும்பி வந்து என் தலையிலேயே ஏறும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சுவெட்டரை மாடிப்படிக்குக் கீழே வெறும் அரிசிப் பைக்குள் ஒளித்தேன். நீ மற்றப் பைக்குள் அரிசி எடுக்கப் போய், சரியாக அதையே இழுத்துக்கொண்டு வந்தாய். "அப்பா, இதென்ன?" "அது… தேத்தண்ணி ரீப்பொட்டுக்கு உடுப்பு." "ரீப்பொட்டுக்கு ரெண்டு கையும் இருக்கோ?" அதன் பிறகு மறைக்க ஏலவில்லை. கழுவிய முறையைச் சொன்னேன். தேசிக்காய் என்று சொன்ன இடத்தில் நீ நிலத்தில் உட்கார்ந்துவிட்டாய். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எனக்கோ?" என்று கேட்டாய். பிரித்துவிட்டு மறுபடி பின்னுகிறேன் என்றேன். நீ நுனி நூலைத் தேடி இழுத்துப் பார்த்தாய். "இது இனிப் பிரியாது அப்பா. சூட்டில போட்டு உரஞ்சினா மயிர் ஒண்டுக்குள்ள ஒண்டு பூட்டிப்போடும். கத்தரிக்கோலால வெட்டினாலும் நூல் கழராது." பிறகு அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். குப்பையில் போடத்தான் கொண்டு போகிறாய் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, "போறதுக்கு முதல் ஒருக்கா எண்டாலும் வந்து பாருங்கோ" என்று நீ கூப்பிட்டபோது நான் வந்ததற்குக் காரணம் ஆடு பார்க்கும் ஆசை இல்லை; மறுக்கப் பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். ட்ராமில் குரொய்டன், அங்கிருந்து பஸ், பிறகு சேற்றில் ஏற்றம். காலையில் பெய்த மழை விட்டும் விடாமலும் இருந்தது. மேலே ஏறி நின்று திரும்பினால் ஒரு பக்கம் லண்டன் கட்டடங்கள் சின்னச் சின்னதாக நிற்கின்றன, மறு பக்கம் வேலிக்குள் உன் செம்மறிகள். சிலதுக்கு நாலு கொம்பு. நாலு கொம்புள்ள ஆட்டை நான் சட்டிக்குள்ளும் கண்டதில்லை. நீ ஒரு சத்தம் கொடுத்தாய். அத்தனையும் தலையைத் தூக்கிப் பார்த்து உன்னிடம் ஓடி வந்தன. நான் இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருசம், நான் கூப்பிட்டு ஒரு பஸ்கூட நின்றதில்லை.

அப்போதுதான் அது வந்தது. தாய் சேர்க்காமல் தள்ளிவிட்ட குட்டி, நீ போத்தலில் பால் கொடுத்து எடுக்கும் குட்டி. அதன் உடம்பில் என் சுவெட்டர். கைகளைப் பாதியில் வெட்டி முன்னங்கால்களை விட்டிருந்தாய். கழுத்து அளவு கச்சிதம். நான் கண்ணி பிழைத்த இடமெல்லாம் அதன் முதுகில் தெரிந்தது. மழைத் தண்ணி மேலே மணியாக நின்றதே தவிர உள்ளே இறங்கவில்லை என்று நீ தடவிக் காட்டினாய். ஆனால் விளிம்பும் கையும் மட்டும் ஊறி, அதிலிருந்து மஞ்சள் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை தரம் அலசியும் போகாத என் குசினி மஞ்சள். நான் குனிந்து பார்த்தேன். என் வாழ்க்கையில் மஞ்சள் பூசிய ஓர் ஆட்டை உயிரோடு இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தரம். என்ன யோசிப்பதென்று தெரியாமல் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டு போனேன். அது ஒரு உதறு உதறியது பார், கழுத்திலிருந்து வால் வரை! மஞ்சள் தண்ணி முழுக்க என் தலையில், மூஞ்சியில், வாய்க்குள். நான் தலையை உதறினேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நல்லாக உதறினேன்.

நீ வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினாய். "அப்பா! தலையாட்டிப் போட்டியள்! மஞ்சத்தண்ணி பட்டுத் தலையாட்டிப் போட்டியள்!" வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜூனுக்கு ஒன்றும் விளங்காமலே சிரிப்பு. பிறகு நீ சிரிப்பை நிறுத்திவிட்டு, சின்ன வயதில் கதிரையில் ஏறி நின்ற அதே முகத்தோடு கேட்டாய்: "அது ஓமோ அப்பா?" நான் முகத்தைத் துடைத்தேன். "குளிரடா" என்றேன். நீ கொடுத்த பதிலையே உனக்குத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல பகிடிதான். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க ட்ராமில் எனக்கே அதற்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை என்று இந்தக் கிழமை முழுக்க வெங்காய மூட்டையில் இருந்து யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான் பிடிபட்டது. என்னிடம் ஒருவரும் இதுவரை உத்தரவு கேட்டதில்லை, தம்பி. ஊரில் ஓடு என்றார்கள், ஓடினேன். இங்கே வந்ததும் நில் என்ற வரிசையில் நின்றேன். கடையில் ஓடர் வரும், சமைப்பேன். அம்மா சொல்லுவார், செய்வேன். 'போகட்டோ' என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டு, நான் சொல்லும்வரை காத்து நின்ற முதல் ஆள் நீதான். கேட்கப்பட்டவன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பழக்கம் இல்லை. அதனால்தான் தொடை கேட்டேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கம்பளியைக் கொதிதண்ணியில் போடாதே. உனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் ஒரு தகப்பன் சொன்னதாக இருக்கட்டும். மனிசரோடும் அப்படித்தான்: ஆள் மணக்குது என்று சூட்டோடு போட்டு உரஞ்சினால் மணம் போகும், ஆளும் சுருங்கிப் போவார். கிழமைக்கு ஒருக்கா அம்மாவுக்குப் போன் எடு. சிக்னல் இல்லை என்று சொல்லாதே. அந்த மலையில் உன் ஆட்டுக்கே காதில் நம்பர் இருக்கிறது, உனக்கு இல்லையோ என்று கேட்பார். கறிக்கு அங்கே நல்ல தூள் கிடைக்காது, பெட்டியில் இருப்பதைச் சிக்கனமாகப் பாவி. ஜூனிடம் மேலும் நூல் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்தது பச்சைத் தண்ணியில் கழுவித்தான் அனுப்புவேன். மணந்தால் மணக்கட்டும், உன் ஆடுகளுக்கு அது பழக்கம்தானே.

இன்னும் ஒன்று. அன்றைக்கு மலையில் நீ பார்க்காத ஒன்று நடந்தது. நான் 'குளிரடா' என்றதும் நீ சரி என்று சொல்லிவிட்டு, குட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பால் போத்தல் எடுக்கக் கொட்டில் பக்கம் நடந்தாய். குட்டியின் மஞ்சள் முதுகு உன் கைக்கு அடியால் தெரிந்தது. மற்ற ஆடுகளெல்லாம் உன் பின்னால் வந்தன. நீ திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகின்றன என்று உனக்குத் தெரியும். அப்போது நான் இன்னொரு தரம் தலையை ஆட்டினேன். மேலும் கீழும், மெதுவாக. ஜூன் மட்டும்தான் கண்டது.

அந்த நேரம் மழை விட்டிருந்தது, தம்பி. என்மேல் ஒரு சொட்டுத் தண்ணி படவில்லை.